பிறைக்குப் போகச் சொன்னால் ‘பிறகு’க்குப் போன கட்டளை: அடைவுத் தாவலில் தோராயப் பொருத்தமும் துல்லியப் பொருத்தமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியா பக்கம் உள்ள ஒரு சிறிய அச்சகம். கோவில் திருவிழா அறிக்கை, கல்யாணப் பத்திரிகை, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், பதாகை என்று வேலை ஓடும் இடம். வடிவமைப்புக் கோப்புகள் எல்லாம் ஒரு லினக்ஸ் கணினி வழியாகப் போய் வருகின்றன. ஊர் வாரியாக அடைவுகள் (ஃபோல்டர்கள்): பிறை, பட்டர்வொர்த், நிபோங் திபால், ஆயர் ஈத்தாம், தண்ணீர்மலை. அடைவுப் பெயர்கள் அத்தனையும் தமிழிலேயே. அவை இருப்பது அந்தக் கணினிக்குள் அல்ல, பிணையத்தில் உள்ள ஒரு நாஸ் பெட்டியில் (பல கணினிகள் பகிரும் சேமிப்புக் கருவி). அது கணினியில் ‘/வேலை’ என்ற அடைவாகத் தெரியும்படி ஏற்றப்பட்டிருக்கும். கணினியின் சொந்த வட்டில், பயனரின் வீட்டடைவுக்குள், ‘பிறகு’ என்று ஓர் அடைவு. வாடிக்கையாளர் அனுப்பிய சின்னங்களும் படங்களும் வேலை தொடங்கும் வரை அங்கே கிடக்கும். ‘பிறகு பார்க்கலாம்’ என்பதன் சுருக்கம்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். ஒரு வேலை முடிந்து ஒப்படைத்ததும் அதன் முன்னோட்டப் படங்களை அழித்துவிடுவது அங்கே வழக்கம். பொறுப்பில் இருந்தவர் பழைய கட்டளை வரலாற்றிலிருந்து ஒரு வரியை எடுத்து அப்படியே ஓட்டினார்:

ஜே பிறை && ஆர்எம் *.பிஎன்ஜி

(கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது, விசைப்பலகையில் அவை ரோமன் எழுத்துகள்தான்.) ‘ஆர்எம் *.பிஎன்ஜி’ என்றால் நிற்கும் அடைவில் உள்ள பிஎன்ஜி படங்களை எல்லாம் அழி என்று பொருள். ‘ஜே’ என்பது ஆட்டோஜம்ப் என்ற தாவல் கருவியின் கட்டளை. முழுப் பாதையைத் தட்டாமல் பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தால், அடிக்கடி போகும் அடைவுகளின் பட்டியலில் தேடி அங்கே கொண்டுபோய் விடும். வரி பிழை காட்டாமல் முடிந்தது. பத்து நிமிடம் கழித்து, “அண்ணே, பிறகு ஃபோல்டர்ல ஒரு லோகோவும் இல்லையே” என்று அடுத்த மேசையிலிருந்து குரல் வந்தது.

முதலில் எழுந்த சந்தேகம் தவறானது. ஆனால் யாருக்கும் எழக்கூடியது. ‘பிறகு’ அடைவுக்கு அடிக்கடி போனதால் அதன் எடை (வருகைகளுக்குக் கருவி தரும் மதிப்பெண்) கூடி, பிறையை முந்திவிட்டது என்று நினைத்தார்கள். அதனால் ‘பிறகு’ அடைவுக்குள் நின்று ஆட்டோஜம்பின் குறைக்கும் விருப்பத்தைக் கொடுத்து அதன் எடையை இறக்கினார்கள். இது வீண்வேலை. ஏன் என்று பார்த்தால்தான் கருவியின் குணம் புரியும்.

ஆட்டோஜம்ப் எடையைக் கணக்கிடும் முறை இது: ஒவ்வொரு முறை ஓர் அடைவுக்குப் போகும்போதும், பழைய எடையின் வர்க்கத்தோடு 10-இன் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கும். அதாவது n முறை போன அடைவின் எடை 10√n. 400 முறை போன இடத்துக்கு 200. ஒன்பது முறை போன இடத்துக்கு 30. குறைக்கும் விருப்பம் ஒரு தடவைக்கு 15-ஐக் கழிக்கும். 30 என்பது 15 ஆகும். அடுத்த முறை உள்ளே போனதும் 225-உம் 100-உம் சேர்ந்து 18 ஆகிவிடும். பிறை போன்ற தினசரி அடைவின் எடையை ‘பிறகு’ முந்தியிருக்க வழியே இல்லை. முந்தவும் இல்லை.

நடந்தது வேறு. ஆட்டோஜம்ப் மூன்று கட்டமாகத் தேடுகிறது. முதல் கட்டம், கொடுத்த சொல் பாதையின் கடைசிப் பகுதியில் அப்படியே இருக்கிறதா என்பது. இரண்டாவது, கடைசிப் பகுதியோடு தோராயமாக ஒத்துப்போகிறதா என்பது. மூன்றாவது, பாதையில் எங்கேயாவது இருக்கிறதா என்பது. ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த அடைவு வட்டில் உண்மையாகவே இருக்கிறதா என்று சரிபார்க்கும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் அடுத்ததற்குப் போகும். அன்று காலை மின்சாரம் போய் வந்திருந்தது. நாஸ் பெட்டி எழுந்து வருவதற்குள் லினக்ஸ் கணினி எழுந்துவிட்டது. ஏற்றப் பட்டியலில் ‘நோஃபெயில்’ என்று குறித்திருந்ததால், நாஸ் இல்லாமலேயே அது இயங்கத் தொடங்கியது. ஆகவே ‘/வேலை/2024/பிறை’ என்ற பாதை ஆட்டோஜம்பின் தரவுத்தளத்தில் இருந்தது, வட்டில் இல்லை. முதல் கட்டம் தோற்றது. இரண்டாவது கட்டம் கண் திறந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். துல்லியப் பொருத்தம் கிடைக்கும்வரை தோராயப் பொருத்தம் எட்டிப் பார்ப்பதே இல்லை. வருடக்கணக்கில் ஒரு தொல்லையும் தராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். அடைவு பெயர் மாறியது, இடம் மாறியது, வட்டு ஏறவில்லை என்று ஏதாவது கெட்டுப்போன நேரத்தில் மட்டும்தான் அது வேலைக்கு வருகிறது. கருவி தன் ஊகத்தைச் செலுத்தத் தேர்ந்தெடுக்கும் நேரம், ஊகிக்கவே கூடாத நேரம். இதைவிட மோசமான வரிசையை யாரும் திட்டமிட்டு வைத்திருக்க முடியாது, நல்லெண்ணத்தில்தான் வைத்தார்கள்.

சரி, ‘பிறை’யும் ‘பிறகு’வும் எப்படி ஒத்துப்போயின? தமிழ் படித்தவர் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். இதற்கு விடை பைதானின் ஒப்பீட்டு முறையில் இருக்கிறது. ஆட்டோஜம்ப் பைதானில் எழுதப்பட்டது. அதோடு வரும் டிஃப்லிப் தொகுதியின் வரிசை ஒப்பீட்டைப் பயன்படுத்துகிறது. இரு சரங்களிலும் பொதுவாக வரும் உறுப்புகளின் எண்ணிக்கையை இரட்டித்து, இரண்டு நீளங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது ஒப்புமை விகிதம். அது 0.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும், பொருத்தம் என்று ஏற்றுக்கொள்ளும்.

இதில் ‘உறுப்பு’ என்றால் தமிழ் எழுத்து அல்ல, யூனிகோடு குறி. நமக்குப் ‘பிறை’ இரண்டு எழுத்து: பி, றை. கணினிக்கு நான்கு குறி: ப, இகரக் குறி, ற, ஐகாரக் குறி. ‘பிறகு’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி: ப, இகரக் குறி, ற, க, உகரக் குறி. முதல் மூன்று குறிகள் பொது. 2×3 வகுத்தல் 9 என்பது 0.67. வரம்பைத் தாண்டிவிட்டது. அதே கணக்கை எழுத்துக் கணக்காகப் போட்டால் பொதுவானது ‘பி’ ஒன்றே: 2×1 வகுத்தல் 5, அதாவது 0.4. வரம்புக்குள் வரவே வராது. உயிர்மெய்யை உடைத்து எண்ணியதால் மட்டுமே இந்த விபத்து.

இது ஒரே ஒரு சொல் ஜோடியின் தற்செயல் இல்லை. அதே அச்சகத்தின் மற்ற அடைவுப் பெயர்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ‘கணக்கு’ ஆறு குறி, ‘வணக்கம்’ (வாழ்த்து அட்டை வடிவங்கள் இருக்கும் அடைவு) ஏழு குறி. நடுவில் ண, க, புள்ளி, க என நான்கும் தொடர்ந்து பொது. 8 வகுத்தல் 13, 0.615. கணக்கு அடைவு காணாமல் போன நாளில் ‘ஜே கணக்கு’ என்றால் வணக்கம் சொல்லும். எழுத்தாக எண்ணினால் 4 வகுத்தல் 9, 0.44, பொருந்தாது. ‘படம்’, ‘படிவம்’ இரண்டுக்கும் குறிக் கணக்கில் 0.8, எழுத்துக் கணக்கில் 0.57. மறுபுறம் ‘கோவில்’, ‘கோயில்’ இரண்டும் நாம் ஒன்றாகவே கருதும் சொற்கள். அவை குறிக் கணக்கில் 0.83, எழுத்துக் கணக்கில் 0.67. இரண்டிலும் பொருந்துகின்றன. ஆக, ஒப்பீட்டின் அலகை எழுத்தாக மாற்றினாலே இந்த நான்கு ஜோடிகளில் வேண்டாத மூன்றும் விலகுகின்றன, வேண்டியது தங்குகிறது. தமிழ்ப் பெயர்களுக்குத் தோராயத் தேடல் எழுதுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பைதானில் ரீஜெக்ஸ் என்ற வெளித் தொகுதியின் ‘\எக்ஸ்’ வடிவம் சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். அந்தப் பட்டியலை டிஃப்லிபிடம் கொடுத்தால் போதும், அது சரத்தைத்தான் ஏற்பேன் என்று அடம்பிடிக்காது.

ஆட்டோஜம்பில் இன்னும் இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, தோராயக் கட்டத்தில் ஒப்புமை விகிதம் வாசற்படி மட்டுமே. யார் வெல்வது என்பதை எடைதான் தீர்மானிக்கிறது. 0.95 ஒப்புமை உள்ள அடைவும் 0.61 ஒப்புமை உள்ள அடைவும் இருந்தால், எடை கூடுதலாக இருந்தால் 0.61 வெல்லும். இரண்டு, தோராயக் கட்டம் கடைசிச் சொல்லை மட்டுமே பார்க்கிறது. ‘ஜே 2024 பிறை’ என்று இரண்டு சொல் கொடுத்துப் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்தால், முதல் கட்டம் தோற்றதும் ‘2024’ காற்றில் போய்விடும். அன்று அப்படிக் கொடுத்திருந்தாலும் ‘பிறகு’வுக்கே போயிருக்கும்.

‘&&’ ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் குறி, முந்தைய கட்டளை வெற்றி பெற்றால் மட்டுமே அடுத்ததை ஓட்டும். ‘ஜே’ வெற்றிதான் பெற்றது. ஓர் அடைவுக்குப் போகச் சொன்னார்கள், ஓர் அடைவுக்குப் போனது. போன இடத்தைத் திரையில் அச்சிடவும் செய்தது. ஆனால் பல முனையங்கள் (கட்டளை தட்டும் திரைகள்) தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டுவதில்லை. கொம்பு இடம் மாறும், உயிர்க்குறி தனியே நிற்கும். ‘பிற’ என்று தொடங்கும் இரண்டு சொற்களை அந்தத் திரையில், அந்த வாரத்தில், அந்த வேகத்தில் பிரித்துப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மேலும், எதுவுமே பொருந்தாவிட்டால் ஆட்டோஜம்ப் திருப்பித் தருவது ஒற்றைப் புள்ளி. அதாவது நின்ற இடம். அதுவும் ஓர் அடைவுதானே, அங்கே போவதும் ‘வெற்றி’தான். அழிக்கும் கட்டளை நின்ற இடத்திலேயே ஓடும்.

சேதத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. அதே வட்டில் அச்சு வரிசைக் கோப்புகள் தொடர்ந்து எழுதப்பட்டுக்கொண்டிருந்ததால் மீட்பு மென்பொருளால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இரவு நகலெடுப்பு இருந்தது, ஆனால் ‘பிறகு’ தற்காலிக அடைவு என்று அதிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களிடமே திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி வரும், பதாகை அளவுக்குப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் சிதறும். ஆவணமாக அனுப்பச் சொல்லி ஒவ்வொருவருக்கும் விளக்கியதில்தான் நேரம் போனது.

ஊகத்தைச் சோதனையில் உறுதிப்படுத்துவது எளிது. இதே கருவியை வைத்திருப்பவர்கள் தங்கள் கணினியிலும் செய்து பார்க்கலாம். தற்காலிக இடத்தில் ‘பிறை’, ‘பிறகு’ என்று இரண்டு அடைவுகளை உருவாக்கி, இரண்டுக்குள்ளும் சில முறை போய் வரவும். பிறகு ‘ஜே’ என்பதற்குப் பதிலாக ‘ஆட்டோஜம்ப் பிறை’ என்று முழுப் பெயரில் கட்டளையிடவும்; அது போகாது, போகவிருக்கும் பாதையை மட்டும் அச்சிடும். பிறை வரும். இப்போது பிறை அடைவின் பெயரை மாற்றிவிட்டு, புதுப் பெயருக்குள் நுழையாமலேயே அதே கட்டளையைத் திரும்ப ஓட்டவும். பிறகு வரும். ஓர் எச்சரிக்கை: இந்த நேரத்தில் ‘இல்லாத அடைவுகளைத் துப்புரவு செய்’ என்ற பர்ஜ் விருப்பத்தைத் தொடக்கூடாது. நாஸ் ஏறாத நிலையில் அதை ஓட்டினால், வருடக்கணக்கில் சேர்ந்த ஊர் அடைவுகள் அத்தனையும் ‘இல்லாதவை’ என்று தரவுத்தளத்திலிருந்து போய்விடும். அதன்பின் எல்லாத் தாவலும் தோராயக் கட்டத்துக்கே விழும்.

அச்சகம் அடுத்து ஸாக்சைடுக்கு மாறியது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட கருவி. இதைப் பலர் தோராயப் பொருத்தம் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அப்படியல்ல. கொடுத்த சொற்கள் எல்லாம் பாதையில் அதே வரிசையில், அப்படியே இருக்க வேண்டும். கடைசிச் சொல் பாதையின் கடைசிப் பகுதியில் இருக்க வேண்டும். ஒரு குறி மாறினாலும் பொருந்தாது. அதன் தாவல் கட்டளை ‘இசட்’. பிறை இல்லாத நாளில் ‘இசட் பிறை’ என்றால் ‘பொருத்தம் இல்லை’ என்று பிழையோடு நிற்கும், ‘&&’ தன் வேலையைச் செய்யும். அன்றைய விபத்து இதில் நடந்திருக்காது.

ஆனால் வேறொன்று நடக்கலாம். ஸாக்சைட் சொல்லின் தொடக்கமும் முடிவும் பார்ப்பதில்லை. ‘பிறை’ என்ற சொல் ‘பிறைநிலா’ என்ற அடைவிலும் இருக்கிறது (அது விபத்துக்குப் பின் சேர்ந்த ஒரு பத்திரிகை வடிவத்தின் பெயர்). இரண்டும் பொருந்தும்போது மதிப்பெண் தீர்மானிக்கும். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு புள்ளி. தேடும் கணத்தில் கடைசி வருகை ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் அந்தப் புள்ளி நான்கால் பெருக்கப்படும்; ஒரு நாளுக்குள் இருந்தால் இரண்டால்; ஒரு வாரத்துக்குள் என்றால் பாதி; அதற்கும் பழையது என்றால் கால் பங்கு. பிறைக்கு 40 புள்ளி, கடைசியாகப் போய் மூன்று நாள்: 20. பிறைநிலாவுக்கு 6 புள்ளி, அரை மணி நேரம் முன்பு போனது: 24. பிறைநிலா வெல்லும். இப்போது ஓட்டாமல், இன்னும் நாற்பது நிமிடம் கழித்து அதே கட்டளையை ஓட்டினால் பிறைநிலா 12 ஆகிவிடும், பிறை வெல்லும். ஒரே வரி, ஒரே நாள், ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊர். முழுப் பெயரும் அப்படியே ஒத்துப்போகிற அடைவுக்கு ஸாக்சைட் எந்தச் சலுகையும் தருவதில்லை. இது நமக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது. (நின்ற இடத்துக்குள்ளேயே ‘பிறை’ என்ற அடைவு இருந்தால் மட்டும் தரவுத்தளத்தைப் பாராமல் நேரே அங்கே போகும்.) இதற்கு மருந்து இரண்டாவது சொல்: ‘இசட் வேலை பிறை’. பிறைநிலா வேறு மரத்தடியில் இருப்பதால் பொருந்தாது. ஆட்டோஜம்பில் பயன்படாத இந்தப் பழக்கம் இங்கே முழுமையாகப் பயன்படும். எங்கே போகிறோம் என்பதைத் திரையில் காட்டும் எக்கோ அமைப்பையும் 1 என்று வைத்துக்கொள்வது நல்லது. முன்னிருப்பில் அது காட்டாது.

ஸாக்சைடின் துல்லியத்துக்கு இன்னொரு விலை உண்டு. அது தமிழுக்கே உரியது. ‘பொங்கல்’ என்ற அடைவு கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் ‘பொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்து வைக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமமானவை என்கிறது. ஆனால் லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை அந்தச் சமத்துவத்தைக் கவனிப்பதில்லை. அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பைட்டு வரிசைகள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ‘பொங்கல்’ அடைவுகள்கூட இருக்கலாம். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தன. வடிவமைப்பாளரின் பழைய மேக்கிலிருந்து நகலெடுத்த அடைவுகள் அப்படியே வந்து சேர்ந்திருந்தன. விசைப்பலகையில் ‘பொங்கல்’ என்று தட்டினால் சேர்ந்த வடிவம் வருகிறது. ஸாக்சைட் ‘இல்லை’ என்கிறது. ஆனால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது. எஃப்இசட்எஃப் என்ற தேடல் கருவியும் இங்கே கைவிரிக்கும், ஏனென்றால் சேர்ந்த ஒகரக் குறி அந்தப் பெயரில் எங்குமே இல்லை.

கண்டுபிடித்துக் கொடுப்பது, நாம் இவ்வளவு நேரம் திட்டிய ஆட்டோஜம்ப்தான். சேர்ந்த வடிவம் ஏழு குறி, பிரிந்த வடிவம் எட்டு, பொது ஆறு: 12 வகுத்தல் 15, 0.8. வரம்பைத் தாண்டிப் பொருந்திவிடும்.

இதற்குச் சரியான தீர்வு தோராயத்தைத் திரும்பக் கொண்டுவருவது அல்ல, பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. கான்வ்எம்வி என்ற கருவிக்கு யூடிஎஃப்-8 இலிருந்து யூடிஎஃப்-8 க்கு, என்எஃப்சி (குறிகள் சேர்ந்த) வடிவில், உள்ளடைவுகள் உட்பட என்று சொன்னால் என்னென்ன மாறும் என்று முதலில் பட்டியலிடும். ‘நோடெஸ்ட்’ விருப்பம் கொடுத்தால்தான் உண்மையில் மாற்றும். கைமுறைத் திருத்தம் தேவைப்படும் இடங்களும் உண்டு. ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் வைத்தவர்கள் இருக்கிறார்கள், அதை எந்த இயல்பாக்கமும் ஒன்றாக்காது, ஏனென்றால் யூனிகோடு பார்வையில் அவை சமம் அல்ல. ‘ஸ்ரீ’யும் அப்படித்தான்: சிலர் ‘ஸ’வில் தொடங்குவார்கள், சிலர் 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில். திரையில் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். கோவில் பெயரில் தொடங்கும் அடைவுகளில் பாதிக்கு மேல் ‘ஸ்ரீ’ இருக்கும் ஓர் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. எது வேண்டுமோ அதை ஒரு முறை தீர்மானித்து எழுதி ஒட்டிவைக்க வேண்டும். ‘கோவில்’ வேண்டுமா ‘கோயில்’ வேண்டுமா என்பதையும் சேர்த்து.

தேடிப் பார்க்கும் வேலைக்கு எஃப்இசட்எஃப் நல்லது, ஏனெனில் அது தானாக எங்கும் போகாது. பட்டியலைக் காட்டி நம்மைத் தேர்ந்தெடுக்க வைக்கும். கொடுத்த குறிகள் அதே வரிசையில் இருந்தால் போதும், இடையில் எது வந்தாலும் பரவாயில்லை என்பது அதன் முன்னிருப்பு. தமிழில் இதற்கு ஓர் எதிர்பாராத வசதி இருக்கிறது: உயிர்க்குறி, புள்ளி எதுவும் இல்லாமல் மெய்யின் உருவங்களை மட்டும் தட்டலாம். ‘தணமல’ என்றால் ‘தண்ணீர்மலை’ வந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையில் இது நான்கே அழுத்தம். முரசு அஞ்சல் போன்ற ஒலிப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் அகரமும் சேர்த்துத் தட்ட வேண்டியிருப்பதால் அழுத்தம் கூடும்.

தரவரிசையில் மட்டும் அது தமிழுக்குச் சறுக்கும். எஃப்இசட்எஃப் சொல்லின் தொடக்கத்தில் விழும் பொருத்தத்துக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறது. சொல் எங்கே தொடங்குகிறது என்பதை ‘முந்தைய குறி எழுத்தா இல்லையா’ என்று பார்த்து முடிவு செய்கிறது. யூனிகோடு வகைப்பாட்டில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் சேராது. விளைவு, ஒவ்வொரு உயிர்மெய்யை அடுத்தும் ஒரு புதுச் சொல் தொடங்குவதாக அது நினைத்துக்கொள்கிறது. பட்டியலின் முதல் வரி எப்போதும் நாம் நினைத்ததாக இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு எண்டர் தட்டக் கூடாது. ஒரே பொருத்தம் மட்டும் இருந்தால் கேட்காமலே எடுத்துக்கொள் என்ற விருப்பத்தைத் தாவல் குறுக்குவழிகளில் சேர்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சேர்த்தால் பழைய கதைதான். துல்லியமாக வேண்டிய சொல்லுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள்குறி இட்டால் அந்தச் சொல்லுக்கு மட்டும் துல்லியம் வரும். கடைசியில் டாலர் குறி இட்டால் அந்த இடத்தில் முடிய வேண்டும் என்று பொருள். ‘பிறை$’ என்றால் பிறைநிலா வராது.

இவ்வளவு சொன்னதும், தாவல் கருவிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முழுப் பாதையோடு சிடி என்ற அடைவு மாற்றும் கட்டளைக்கே திரும்பினால் பாதுகாப்பு என்று தோன்றும். அந்த அச்சகத்திலும் ஒருவர் அதைத்தான் சொன்னார். ஆனால் துல்லியமும் பொய் சொல்லும், அதே நாஸ் விஷயத்திலேயே. நாஸ் ஏறாத போதும் ‘/வேலை’ என்ற அடைவு இருக்கும், வெறுமையாக. ‘சிடி /வேலை’ வெற்றி பெறும். அங்கே சேமித்த கோப்புகள் கணினியின் சொந்த வட்டில் விழும். நாஸ் ஏறியதும் அதன் அடியில் மறைந்துவிடும். அதைவிட மோசமானது இரவு நகலெடுப்பு. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழி என்ற விருப்பத்தோடு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி ஓடினால், வெறும் ‘/வேலை’யைப் பார்த்து நகல் முழுவதையும் அழித்துவிடும். எழுத்துக்கு எழுத்து சரியான பாதை, முற்றிலும் தவறான இடம். விபத்து நாளன்று இரவு அது நடக்காமல் போனதற்குக் காரணம், மதியமே யாரோ நாஸை ஏற்றிவிட்டது.

ஆகவே செய்த மாற்றங்களில் முக்கியமானவை பெயர்ப் பொருத்தத்தைத் தொடவே இல்லை. அழிக்கும் வேலை தனி நிரலுக்குப் போனது. அது எந்த அடைவுக்கும் தாவுவதில்லை. முழுப் பாதையை வாங்கிக்கொண்டு, முதலில் ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளையால் ‘/வேலை’ ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லையென்றால் நின்றுவிடுகிறது. பிறகு ஃபைண்ட் கட்டளையால் அந்த அடைவின் முதல் மட்டத்தில் உள்ள முன்னோட்டப் படங்களைப் பட்டியலிட்டுக் காட்டிவிட்டு, ஆம் என்று தட்டிய பிறகே அழிக்கிறது. முன்னோட்டக் கோப்புகளுக்கு ‘முன்னோட்டம்-’ என்று முன்னொட்டும் வந்தது. வாடிக்கையாளர் சின்னம் எதற்கும் அந்தப் பெயர் இருக்காது. நகலெடுப்பிலும் அதே ஏற்றச் சோதனை, கூடவே ஒரு தடவையில் இத்தனைக்கு மேல் அழிக்காதே என்ற உச்சவரம்பு. வெறும் ‘/வேலை’ அடைவை, நாஸ் இறங்கியிருந்த நேரத்தில், சிஹெச்ஆட்ர் கட்டளையால் மாற்றமுடியாததாக ஆக்கினார்கள். இனி அதில் எதுவும் தவறி விழாது. ஏற்றப் பட்டியலில் தேவைப்படும்போது தானாக ஏற்றும் சிஸ்டம்டி விருப்பம் சேர்ந்தது. நாஸ் தாமதமாக எழுந்தாலும் யாராவது உள்ளே போகும்போது ஏறிக்கொள்ளும். நகலெடுப்பின் விலக்குப் பட்டியலிலிருந்து ‘பிறகு’ நீக்கப்பட்டது. கட்டளை வரலாற்றில் தாவலும் அழிப்பும் ஒரே வரியில் இருந்தவற்றைத் தேடித் துடைத்ததும் இதோடு சேரும். மறந்தால் அவை மீண்டும் மேலே வரும்.

பெயர்களுக்கு ஒரு சிறு நிரலும் எழுதப்பட்டது. புது அடைவு உருவாக்கும் முன் அதன் பெயரை ஏற்கெனவே உள்ள பெயர்களோடு, குறிக் கணக்கிலும் எழுத்துக் கணக்கிலும் ஒப்பிட்டு, 0.6-ஐத் தாண்டுவதைச் சொல்லும். நீளத்தையும் பார்க்கும்: கோப்பு முறைமையின் வரம்பு 255 பைட்டு, தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட்டு, ஆக 85 குறிதான் இடம். கோவிலின் முழுப் பெயரையும் திருவிழாவையும் உபயதாரரையும் ஒரே அடைவுப் பெயரில் எழுதுபவர்கள் அதை எளிதில் எட்டிவிடுவார்கள்.

முதல் ஓட்டத்தில் அந்த நிரல் சுட்டிய ஜோடிகளில் ‘பிறகு’ உடனே ‘நிலுவை’ ஆனது. ‘வணக்கம்’ என்பது ‘வாழ்த்து’ ஆனது. ‘கோயில்’ எல்லாம் ‘கோவில்’ ஆயின. படமும் படிவமும் வெவ்வேறு வட்டுக்குப் பிரிந்தன. ‘பிறைநிலா’ மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பெயரில்தான் வாடிக்கையாளர்கள் கேட்டு வருகிறார்கள் என்று முன்மேசையில் இருப்பவர் ஒத்துக்கொள்ளவில்லை.